மணமகள் அறையின் வாசல்

"மாமா, இந்தச் செடிக்கெல்லாம் ராத்திரி எப்ப வரும்?" என்று அஃப்ஷான் ஒருநாள் கேட்டாள். என்னோடு சேர்ந்து தொழில் செய்த உசாமாவின் மகள். அப்போது அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. பேசும்போது காற்றுத்தான் அதிகம் வரும்.

"நான் சுவிட்சை அணைச்சா வரும் தாயி" என்றேன்.

"அணைக்கலன்னா?"

"வராது."

அவள் அடுக்குகளை அண்ணாந்து பார்த்தாள். "பாவம்லா" என்றாள். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டாள்.

குழந்தைகள் கேட்கிற கேள்விக்கு நான் எப்போதும் பதில் சொல்லிவிடுவேன். பெரியவர்கள் கேட்டாலும் அப்படித்தான். உசாமா இறந்தபிறகு போலீஸ்காரர்கள் நிறையக் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் உண்மையையே சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை. அதை இப்போது சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை, எங்களிடம் வேலை பார்த்த மாரிச்செல்விக்குத் தீர்ப்பு. கவனக்குறைவால் உசாமாவின் மரணத்துக்குக் காரணமானாள் என்று வழக்கு. ஜெயிலுக்குப் போவாளா, வீட்டுக்கு வருவாளா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். அவள் வால்வைத் திருகினாள் என்பது உண்மை. அதில் என் பங்கு சிறியது. சிறியதாக இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது.

மேலகரத்தில் குற்றாலம் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. என் தகப்பனார் வயலை விற்றுக் கட்டியது. தென்காசியில் ஏசி மண்டபங்கள் வந்ததும் எங்கள் மண்டபத்துக்குக் கல்யாணம் வருவது நின்றுபோனது. சீசனுக்கு ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களின் வேன்களை நிறுத்த வாசலை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் உசாமா துபாயிலிருந்து திரும்பி வந்தான். அங்கே பெரிய கொட்டகைக்குள் விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்க்கும் கம்பெனியில் வேலை பார்த்தவன். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். பந்திக்கூடத்தின் நடுவில் நின்று கைதட்டினான். எதிரொலித்தது.

"அண்ணாச்சி, இங்கன மண்ணும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். கதவ மட்டும் ஒழுங்கா அடைச்சாப் போதும்" என்றான்.

அப்படித்தான் தொடங்கினோம். பந்திக்கூடத்தில் இரும்பு அடுக்குகள், அடுக்குக்கு அடுக்கு விளக்கு. செடியின் வேர் தண்ணீரில் தொங்கும். அந்தத் தண்ணீரில்தான் சத்தைக் கலப்போம். ஊதா வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத் தெரியும். அங்கே வேலை செய்கிற பெண்களின் முகங்கள் செத்தவர் முகம்போல இருக்கும். வெளியே வந்தால் சரியாகிவிடும். லெட்யூஸ், துளசி மாதிரி ஒரு வெளிநாட்டு இலை, நம்மூர்க் கீரையில் இரண்டு மூன்று வகை. எல்லாம் சென்னைக்கும் கொச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகும். மாடி வீடுகளில் குடியிருப்பவர்கள் வாங்குவார்கள். உறையின்மேல் "மருந்து படாதது, கழுவாமலே சாப்பிடலாம்" என்று அச்சடித்திருந்தோம். அந்த வாசகம் உசாமாவுடையது. அவனுக்கு அதில் பெருமை.

நாற்று வளர்க்க மட்டும் தனி அறை. அது முன்பு மணமகள் அறை. கதவின்மேல் அந்தப் பெயரையும் தாமரைப்பூவையும் யாரோ பெயிண்டில் எழுதியிருந்தார்கள். அழிக்க மனசு வரவில்லை. அதன் சன்னலை அடைத்து, கதவு விளிம்பில் ரப்பர் ஒட்டி, காற்றுப் புகாமல் செய்திருந்தான் உசாமா. நாற்று வேகமாக வளர, சோடாவில் நுரை வருவதற்குச் சேர்க்கிறார்களே அந்தக் கரியமில வாயுவைக் கொஞ்சம் உள்ளே விடுவோம். செடிக்கு அது சோறு. மனிதனுக்கு ஆகாது. வாசனை கிடையாது. கனமானது, தரையோடு தரையாகத் தங்கும். சிலிண்டர் வெளித் தாழ்வாரத்தில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அளவு பார்த்துத் தானாக நிறுத்துகிற கருவி பழுதாகிக் கோயம்புத்தூருக்குப் போயிருந்தது. திரும்பி வரும்வரை கையால் திருகினோம். மதியம் எல்லோரும் பின்கட்டில் சாப்பிடுகிற நேரத்தில் மாரிச்செல்வி திறந்துவிடுவாள். சாப்பிட்டு வந்து மூடுவாள்.

உள்ளே ஆள் இருந்தால்? அதற்கு உசாமா ஒரு பலகை வைத்தான். உள்ளே போகிறவர் தன் பெயர்ச்சீட்டைத் திருப்பி வைக்க வேண்டும். ஒருத்தரும் திருப்பவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றாமல் ஒருத்தரும் உள்ளே போனதில்லை. பூச்சியும் மண்ணும் வரக்கூடாது என்பது உசாமாவின் காரணம். செடி இருக்கிற இடத்தில் செருப்போடு நடப்பதா என்பது பெண்களின் காரணம். எப்படியோ, வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் என்று ஆகிவிட்டது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

"துபாய்ல இதுக்கு ஒரு மெஷின், அது கத்த ஒரு மணி, அத நிறுத்த ஒரு ஆளு" என்று உசாமா சிரிப்பான். "இங்கன ஒரு சோடி செருப்பு. முடிஞ்சுது சோலி."

"பாயோட செருப்பா அது? படகுல்லா" என்பாள் மாரிச்செல்வி. துபாயிலிருந்து கொண்டுவந்த கனத்த கறுப்புச் செருப்பு அவனுடையது. "ஆத்துல விட்டா நாலு பேரு ஏறிப் போலாம்."

"மொத ஆளா நீங்கதான் ஏறுவிய அக்கா. ஓசின்னா விடுவியளா?"

பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சந்தோஷமான இடம் அது. காலையில் விளக்குகளைப் போடுமுன் நான் சாமி படத்துக்கு விளக்கேற்றி, தண்ணீர்த் தொட்டிக்கும் திருநீறு பூசுவேன். வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கணவன் இல்லாதவர்கள், அல்லது இருந்தும் இல்லாதவர்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி கொடுத்தனுப்புவேன். ஆனி ஆடியில் சாரல் மேற்கிலிருந்து சாய்ந்தடித்துத் தாழ்வாரத்தை நனைக்கும். வேலை முடிந்து வருகிறவர்கள் ஈரச் செருப்பில் கால் வைக்கக்கூடாதே என்று, மாலையில் எல்லாச் செருப்புகளையும் எடுத்து ஆபீஸ் அறைக்குள் வரிசையாக வைப்பேன். முதலாளி செருப்பைத் தொடுவதா என்று முதலில் பதறினார்கள். பிறகு பழகிவிட்டது. மதியத்தில் மட்டும் எடுக்கமாட்டேன். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

போன சாரலில் வெள்ளைப் பூச்சி வந்தது. கதவு திறக்கிற இடைவெளியில் வந்திருக்கும். இலையின் அடியில் மாவு தூவின மாதிரி இருக்கும். உசாமா சோப்புத் தண்ணீர் அடித்தான், மஞ்சள் அட்டையில் பசை தடவித் தொங்கவிட்டான். பூச்சி குறையவில்லை. கொச்சியில் ஒருவர் சரக்கைத் திருப்பி அனுப்பினார். நான் வீரகேரளம்புதூர்ப் பக்கம் பருத்தி போடுகிற ஒருவரிடம் மருந்து வாங்கி வந்து தொட்டியில் கலந்தேன். கொஞ்சம்தான். வேர் வழியாக ஏறி இலைக்குப் போகிற மருந்து அது. கழுவினாலும் போகாது என்று வாங்கும்போதே சொன்னார்கள். பூச்சி ஒழிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

உசாமா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, பூச்சி எங்க போச்சு?"

"போயிட்டு போலுக்கு."

"அதுவாப் போகாதே. என்ன கலந்திய?"

நான் பொய் சொல்வதில்லை. சொன்னேன். அவன் பழைய மணமேடையின் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அஃப்ஷான் தெனமும் பறிச்சுத் திங்கா அண்ணாச்சி. கழுவ வேண்டாம்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றான். கையிலிருந்த இலையைக் கீழே போட்டான். பிறகு, "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் வாங்குத எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிருதேன். பெரிய கூடத்துல உள்ளத எல்லாம் பிடுங்கிருவோம்" என்றான்.

"பொம்பளையளுக்கு யாரு சோறு போடுவா?"

"அல்லா போடுவான். விஷத்த வித்து நாம போட வேண்டாம்." அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நாத்துக்குத் தனித் தொட்டில்லா? அதுல மருந்து ஏறல. அத வச்சு மறுபடி தொடங்கிருவோம். கொஞ்ச நாள் கஷ்டம், அவ்வளவுதான். உங்க பேரச் சொல்லமாட்டேன் அண்ணாச்சி. நம்ம தப்புன்னுதான் சொல்லுவேன்."

அந்த 'நம்ம' எனக்குப் பிடிக்கவில்லை. நான் செய்ததில் அவனுக்கு எதற்குப் பங்கு? ஆனால் அவன் நல்லவன். நல்லவர்களிடம் இதுதான் கஷ்டம். அவர்கள் ஒன்று செய்கிறேன் என்று சொன்னால் செய்துவிடுவார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் மறுபடி ஒருவனும் எங்கள் கீரையை வாங்கமாட்டான். அது உசாமாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். என்னைப் பற்றி நினைக்கவே இல்லை.

வெள்ளிக்கு முந்திய நாள். காலையிலிருந்து சாரல். மதியம் பெண்கள் சாப்பிடப் போனபிறகு உசாமா கையில் ஸ்பேனரோடு வந்தான்.

"நாத்து ரூம்ல கீழ்த்தட்டுக் குழாய் ஒழுகுது அண்ணாச்சி. காய விட்டுரக்கூடாது. படுத்துப் பாத்துட்டு வந்துருதேன்."

"மாரிச்செல்வி இப்ப வருவாளே" என்றேன். இதை நான் சொன்னேன் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

"செருப்பு கிடக்குல்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே விசிறிகள் ஓடும். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காது.

நான் தாழ்வாரத்தில் நின்றேன். சாரல் சாய்ந்து விழுந்து அந்தச் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. நல்ல தோல். குனிந்து எடுத்தேன். ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோய் ஒரு துணியால் துடைத்து மேசைக்கு அடியில் வைத்தேன். இவ்வளவுதான் நான் செய்தது. அது மதியம் என்பது எனக்குத் தெரியும். தாழ்வாரத்துக்கும் ஆபீசுக்கும் நடுவில் திரும்பி வருகிற அளவுக்கு நேரம் இருந்தது. நான் திரும்பவில்லை. அதற்குமேல் யோசித்தேனா என்றால், யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

மாரிச்செல்வி முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, உள்ள ஆளு ஒண்ணும் இல்லைல்லா?"

"வாசலப் பாத்துட்டுத் திருகு தாயி" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாசலைப் பார் என்றேன். பார்த்தாள். நன்றாகக் குனிந்து பார்த்தாள். பொறுப்பான பெண். ஒரு செருப்பும் இல்லை. திருகினாள்.

"நீங்களும் சாப்பிட வாங்க அண்ணாச்சி. இன்னிக்குக் கூட்டாஞ்சோறு" என்றாள்.

போனேன். பின்கட்டில் பெண்களோடு உட்கார்ந்தேன். அன்றைக்கு எல்லோருக்கும் நானே மோர் ஊற்றினேன். மாரிச்செல்வி அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். வால்வை மூடப் போக வேண்டும் என்று அவளுக்கு எப்போதும் ஒரு பரபரப்பு.

"மெள்ளச் சாப்பிடு தாயி. விக்கிக்கிடப் போவுது" என்றேன்.

"மழைக்கு எந்திரிக்கவே மனசு வரல" என்றாள். இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். மறுக்கவில்லை.

பாயைக் காணோமே என்று ஒருத்தி கேட்டாள். தொழப் போயிருப்பார் என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். என்னிடம் கேட்கவில்லை.

பிறகு மாரிச்செல்விதான் போய் வால்வை மூடினாள். அவள்தான் கதவைத் திறந்தாள். சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது, கீழ்த்தட்டுக்கு அடியிலிருந்து உசாமாவின் கால்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஊதா வெளிச்சத்தில் அவன் முகம் மற்ற நாட்களில் எல்லோருக்கும் இருக்கிற மாதிரித்தான் இருந்தது. அதனால் தாழ்வாரத்துக்குத் தூக்கிவரும்வரை எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. நானும் ஒரு கை பிடித்துத் தூக்கினேன். ஆம்புலன்சுக்குப் போன் போட்டது நான்தான்.

எல்லோரும் அவனைச் சூழ்ந்து நின்றபோது நான் ஆபீசுக்குப் போய் அந்தச் செருப்பை எடுத்து வந்து மணமகள் அறையின் வாசலில், அது கிடந்த இடத்திலேயே வைத்தேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவனுடைய பொருள் அவன் விட்ட இடத்தில் இருப்பதுதானே முறை. அவன் மனைவி பர்சானா வந்து தேடுவாள் என்றும் நினைத்தேன். சாரலில் செருப்பு மறுபடி நனைந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். மாரிச்செல்வி முந்திக்கொண்டு, "நான்தான் திருகினேன். வாசல்ல செருப்பு இல்ல சார்" என்றாள்.

"செருப்பா? என்னம்மா செருப்பு?" என்றார் அவர். மற்ற பெண்கள் விளக்கினார்கள். அவர் குனிந்து பார்த்தார். செருப்பு கிடந்தது. மாரிச்செல்வியும் பார்த்தாள்.

என்னிடமும் கேட்டார். கருவி பழுதா என்றார், ஆமாம் என்றேன். திறக்கிறது யார் வேலை என்றார், மாரிச்செல்வி என்றேன். செருப்பு கிடந்தால் திறக்கக்கூடாது என்பது வழக்கமா என்றார், வழக்கம் என்றேன். செருப்பை யாராவது எடுத்தார்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முதலில் என் பெயரும் வழக்கில் இருந்தது. பாதுகாப்புப் பொறுப்பு உசாமாவின் பெயரில் இருந்ததைக் காட்டி வக்கீல் அதை எடுத்துவிட்டார். அதே வக்கீலைத்தான் மாரிச்செல்விக்கும் வைத்திருக்கிறேன். நல்ல வக்கீல்.

ஜாமீனில் வந்த அன்று அவள் என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணாச்சி, நான் பாத்தேன். சத்தியமாப் பாத்தேன். செருப்பு இல்ல."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன்.

"இருந்திருக்குமோ? எங்கண்ணு என்ன ஏமாத்திட்டோ?"

"சாரல்ல கண்ணு மறைக்கும் தாயி" என்றேன். "வேணும்னேயா செஞ்ச? மனச விட்டுராத."

அவளுக்கு அப்போது தேவைப்பட்டது ஆறுதல்தான். என் காலைத் தொட வந்தாள். தடுத்துவிட்டேன். இப்போது அவள் திருகுகிற எதையும் தொடுவதில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு யாராவது வந்து திறக்கும்வரை நிற்கிறாள். அடுப்பை அவள் மகள் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறது. தெருவில் சிலர் அவளோடு பேசுவதில்லை. பர்சானா மட்டும் ஒருநாள் வீடு தேடிப்போய், "உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல அக்கா" என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து மாரிச்செல்வி சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்கிறார்கள். அவள் வீட்டுக்கு மாதாமாதம் அரிசி அனுப்பிவிடுகிறேன்.

வேலை நிற்கவில்லை. ஒரு பெண்ணையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. உறையின்மேல் உசாமாவின் படத்தைச் சிறியதாகப் போட்டிருக்கிறோம். பர்சானா சம்மதித்தாள். மருந்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். அதுவும் உசாமாவுக்காகத்தான். அஃப்ஷானுக்கு வாரம் ஒரு கட்டுக் கீரை கொடுத்தனுப்புகிறேன். நன்றாகக் கழுவச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

எனக்கு உறக்கம் கெடவில்லை. ஆனாலும் உசாமாவுக்கு ஒரு கடன் பாக்கி இருப்பதுபோல இருந்தது. தன் சாவு எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியாமலே போய்விட்டதே. அது நியாயமில்லை. திங்கட்கிழமைக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று நேற்று மதியம் அவனை அடக்கம் செய்திருக்கிற கபர்ஸ்தானுக்குப் போனேன். ஒருத்தரும் இல்லை. இருந்தாலும் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துக்கொண்டேன். பிறகு அவன் மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே சொன்னதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். எடுத்தது, துடைத்தது, மோர் ஊற்றியது, திரும்பக் கொண்டுவந்து வைத்தது, ஒன்றையும் விடவில்லை. நான்தான் உன்னைக் கொன்றேன் உசாமா என்றும் சொன்னேன். ஒரு மைனா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. மனசு லேசாகிவிட்டது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. இனி யாருக்கும் ஒன்றும் பாக்கியில்லை.

வருகிற வழியில் மாரிச்செல்வி வீட்டில் வண்டியை நிறுத்தினேன். பஸ்ஸில் போனால் அவளுக்குத் தலை சுற்றும். அதனால் திங்கட்கிழமை கோர்ட்டுக்கு என் காரிலேயே கூட்டிப் போகிறேன், தயாராக இரு என்றேன்.

"உங்க மனசு யாருக்கு அண்ணாச்சி வரும்" என்று அழுதாள்.

அப்படியெல்லாம் சொல்லக்கூடாது தாயி என்றேன்.